எல்லைக் குறிப்பில் ஒரு பட்டாளத்துக்காரர்

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பகுதிக்குப் போகிற பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்தான். பாலம் தாண்டினால் மண்டைதீவுச் சந்தி. அங்கிருந்து நேரே போனால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை; முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை; அதற்கு அப்பால் வள்ளம் ஏறினால் நயினாதீவு. கிழமைக்கு ஐந்து நாள் இந்தப் பாதையால்தான் படிப்பிக்கப் போய் வருகிறேன். பின்னேரம் திரும்பி வரும்போது மண்டைதீவுக் கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் கோட்டை தெரியும். உடைந்த மதில், பதிந்த சுவர், நடுவில் வெளி.

அந்தக் கோட்டையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உம்மம்மா சொன்ன ஒரு கதை நினைவுக்கு வரும். "என்ட பூட்டன் அந்தக் கோட்டேல பாறா நிண்டவர். அவர் பட்டாளத்துக்காரர். சாவா மனுசர்" என்பா. இவ்வளவுதான் கதை. ஆளின் பேர் உம்மம்மாவுக்குத் தெரியாது. எந்த ராசா காலம், எந்தச் சண்டை, எங்கே அடக்கம் பண்ணினது, ஒன்றும் தெரியாது. சோனகத் தெரு வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்ததும், அதற்குள் உறுதிகளோடு ஒரு "பென்சன் கடுதாசி" இருந்ததும் மட்டும் தெரியும்.

அந்தப் பெட்டி இப்போது இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது. நகையும் காசும் சோதனையில் பறிபோனதைப் பற்றி எங்கள் ஆட்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். கடுதாசிகள் பறிபோனதைப் பற்றிப் பேசுவது குறைவு. வடக்கிலிருந்து வெளியேறிய ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர் விட்டுவந்த வீடுகளில் எத்தனை காணி உறுதிகள், எத்தனை கடுத்தங்கள், எத்தனை பிறப்புச் சான்றிதழ்கள், எத்தனை பழைய படங்கள் கிடந்திருக்கும்! ஒரு சமூகத்தின் ஞாபகம் நூலகத்தில் மட்டும் இருப்பதில்லை. தகரப் பெட்டிகளிலும்தான் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின என்று உலகம் அறியும். எங்கள் பெட்டிகளுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டாளத்துப் பூட்டனைத் தேடிப் போன கதை. முழுதாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடுகிற வழியில் கிடைத்தவை எங்கள் வாசகர் எல்லாருக்கும் உரியவை என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

ஒரு கப்டனின் நிழல்

தேடத் தொடங்குவதற்கு முன்பே ஒரு விடை வீட்டில் ஆயத்தமாக இருந்தது. புத்தளத்தில் ஒரு கலியாண வீட்டில் மாமா ஒருவர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "நாங்க நூர்தீன் கப்டன்ட பரம்பரை. ராச வம்சம்." சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. ராச வம்சம் என்றால் யார்தான் மறுப்பார்?

நூர்தீன் கப்டன் கற்பனை ஆள் அல்லர். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு. ஆங்கிலேயர் 1795 செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் 1796 பெப்ரவரியில் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தார்கள். அப்போது ஒல்லாந்தப் படையில் இருந்த மலாய் வீரர்களும் புதிய எசமானர்களின் கைக்கு மாறினார்கள். ஜாவா, மதுராத் தீவு, மக்கஸார், அம்பொன் என்று பல தீவுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து "மலாய்" என்று ஆங்கிலேயர் பேர் வைத்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் "சாவா மனுசர்" என்றார்கள். அவர்களைக் கொண்டு அமைந்த மலாய்ப் பட்டாளத்தில் கப்டனாக இருந்தவர் நூர்தீன்.

1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவல் தலைமையில் ஆங்கிலேயப் படை கண்டி நகருக்குள் புகுந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பின்வாங்கினான். முத்துசாமி என்பவரை ஆங்கிலேயர் சிம்மாசனத்தில் இருத்தினார்கள். மழையும் காய்ச்சலும் வந்தன. படையின் பெரும்பகுதி கொழும்புக்குத் திரும்ப, மேஜர் டேவியின் கீழ் ஒரு சிறு காவற்படை கண்டியில் மிஞ்சியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களில் அநேகர் நோயாளிகள். நிற்கக்கூடியவர்களில் பெரும்பங்கு மலாய் வீரர்கள். ஜூன் 24ஆம் திகதி கண்டிப்படை தாக்கியது, டேவி சரணடைந்தார். மகாவலிக் கரை வரை போன படையினர் இரண்டு நாளில் அங்கேயே கொல்லப்பட்டனர். வைத்தியசாலையில் கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை. முத்துசாமியும் கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்.

மலாய் வீரர்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது. அரசனின் சேவையில் சேரலாம். சேர்ந்தவர்களும் உண்டு. கண்டி அரசனிடம் ஏற்கெனவே ஒரு மலாய்ப் படை இருந்தது. அதன் தலைவன் சங்குங்லோ என்ற இளவரசன் ஜூன் 24ஆம் திகதிச் சண்டையிலேயே இறந்துபோயிருந்தான். நூர்தீனையும் அவருடைய சகோதரரையும் அரசன் முன் கொண்டுபோனார்கள். அவர்கள் மரியாதையாக வணங்கினார்கள். ஆனால் நிலத்தில் விழவில்லை. தன் சேவையில் சேரும்படி அரசன் கேட்டான். ஆங்கில அரசனுக்குச் செய்த சத்தியத்தை முறிக்க முடியாது என்று நூர்தீன் மறுத்தார். மறியலில் வைத்து மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் மறுத்தார். இருவரும் கொல்லப்பட்டனர். உடல்கள் அடக்கமின்றிக் காட்டில் போடப்பட்டன.

இதை எங்களுக்குச் சொல்பவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன். 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் படை நடத்திப் போய் மீண்டவர். தன் அனுபவத்தை 1810இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன் 1807இல் பாதிரியார் கோடினர் எழுதிய இலங்கை நூலிலும் 1803ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் விரிவாக உண்டு. இவை ஆங்கிலேயர் தங்கள் வாசகர்களுக்கு எழுதியவை. நூர்தீனின் விசுவாசம் அவர்களுக்குத் தேவையான ஒரு நல்ல உதாரணம். டேவி சரணடைந்த வெட்கத்துக்கு முன்னால் ஒரு மலாய்க் கப்டனின் உறுதி மேலும் பிரகாசமாகத் தெரிந்திருக்கும். அதனால் கதை பொய்யாகிவிடாது. யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார் என்பதைப் பார்க்காமல் ஒரு பதிவையும் எடுக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு விதவையின் கடிதம்

நூர்தீனைப் பற்றி இன்னொரு திசையிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. அது பட்டாளப் பதிவு அல்ல. ஒரு பெண்ணின் கடிதம்.

ஒல்லாந்தக் கம்பனி தனக்கு ஆகாத அரசர்களை இலங்கைக்கு நாடுகடத்துவது வழக்கம். மக்கஸார் தந்த பெரும் ஆலிம் ஷைகு யூசுப் 1684இல் இங்கு அனுப்பப்பட்டு, பத்து வருடத்தின் பின் தென்னாபிரிக்காவின் கேப்புக்கு மாற்றப்பட்டவர். அந்த வரிசையில் கோவா நாட்டு சுல்தான் பக்ருத்தீனும் ஒருவர். இது இந்தியக் கரையில் உள்ள கோவா அல்ல. சுலவேசித் தீவின் மக்கஸார் பகுதியில் இருந்த முஸ்லிம் அரசு. ஆங்கிலேயரோடு சேர்ந்து சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1767இல் அவரை இலங்கைக்கு அனுப்பினார்கள்.

நாற்பது வருடத்தின் பின், 1807 ஜனவரி 3ஆம் திகதியிட்டு, அவருடைய மனைவி சித்தி ஹபீபா கொழும்பிலிருந்து பத்தாவியாவில் இருந்த ஆளுநர் நாயகத்துக்கு மலாய் மொழியில், ஜாவி எழுத்தில் ஒரு கடிதம் எழுதினார். தானும் தன் குடும்பமும் இங்கு படும் பாட்டைச் சொல்லித் தங்கள் நாட்டுக்குத் திரும்ப உதவி கேட்கும் கடிதம் அது. லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த அதை இந்தோனேசிய ஆய்வாளர் சுர்யாடி 2008இல் எழுத்துப் பெயர்த்து வெளியிட்டார். கண்டியில் இறந்த நூர்தீன் இந்தக் கோவா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆங்கிலேயரின் நூலில் நூர்தீன் சத்தியம் தவறாத வீரர். கடிதம் காட்டுகிற வீட்டிலோ ஆண்கள் போனபின் வறுமையோடு மிஞ்சிய பெண்கள். ஒரு போர் வீரனின் வாழ்க்கையை எழுத வேண்டுமானால் இரண்டும் வேண்டும். எங்களுக்கு முதலாவது சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டாவதற்கு இருநூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி மாமாவின் கதைக்கு வருவோம். உம்மம்மா பிறந்தது 1925 அளவில். உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று தலைமுறைக்கு இருபத்தைந்து, முப்பது வருடம் வைத்துப் பின்னால் போனால் உம்மம்மாவின் பூட்டன் 1840ஐ ஒட்டிப் பிறந்தவராக இருக்க வேண்டும். நூர்தீன் கப்டன் இறந்தது 1803. நடுவில் ஒரு முழுத் தலைமுறைக்கும் மேல் இடைவெளி. கதையில் வரும் பூட்டன் கப்டனாக இருக்க வழியே இல்லை. கப்டனின் சந்ததியாக இருக்கலாமே என்றால், அதைக் காட்ட ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சரியான மனவருத்தம். "ராச வம்சத்த நீ ஒரு கணக்குப் போட்டு அழிச்சுப் போட்டாய்" என்றார். நான் அழிக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு சாதாரணப் பட்டாளத்துக்காரர். அவரை மறைத்துக்கொண்டு ஒரு கப்டன் நின்றார். கப்டனை விலத்தினால்தான் மற்றவர் தெரிவார்.

சம்பளப் புத்தகத்தில் உள்ளவர்கள்

1840இல் பிறந்த ஒரு மலாய்க்காரர் பட்டாளத்தில் இருந்தார் என்றால் அது இலங்கை ரைபிள் பட்டாளமாகத்தான் இருக்கும். பழைய மலாய்ப் பட்டாளம் பல மாற்றங்களுக்குப் பின் அந்தப் பேருக்கு வந்தது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர்களில் இவர்களும் உண்டு. ஹொங்கொங்கிலும் இவர்களில் ஒரு பிரிவு காவல் காத்தது. 1873இல் பட்டாளம் கலைக்கப்பட்டது. அந்த வீரர்கள் பொலிஸ், சிறைக்காவல், தீயணைப்பு, கோப்பித் தோட்டங்கள் என்று பல இடங்களுக்குப் போனார்கள்.

ஆங்கிலேயப் பட்டாளம் மனிதரை மறந்தாலும் சம்பளத்தை மறக்காது. யாருக்கு எத்தனை நாள் சம்பளம், யார் வைத்தியசாலையில், யார் வேறிடத்துக் காவலில், யார் இறந்தார், யார் ஓடிப்போனார் என்று காலாண்டுக்குக் காலாண்டு எழுதிய புத்தகங்கள் இலண்டனுக்குப் போயின. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் யுத்தக் கந்தோர் ஆவணங்களின் பன்னிரண்டாம் தொகுதியில் இப்புத்தகங்கள் உள்ளன. பென்சன் எடுத்த வீரரின் சேவைப் பத்திரங்கள் தொண்ணூற்றேழாம் தொகுதி. குடியேற்ற நாட்டுக் கந்தோரின் ஐம்பத்து நான்காம் தொகுதியில் இலங்கை ஆளுநர்கள் எழுதிய கடிதங்கள். வாசகர் யாராவது லண்டனில் இருந்தால், அல்லது பிள்ளைகள் அங்கே படித்தால், இந்த இலக்கங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் உங்கள் பூட்டன் எழுந்து சலாம் சொல்ல மாட்டார். வெள்ளைக்காரக் கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதிய பேர்கள் அவை. ஒரே பேரில் பலர். ஒரே ஆளுக்குப் பல எழுத்துக்கூட்டல். வாப்பாவின் பேர் இருக்காது, மனைவியின் பேர் இருக்காது, ஊர் இருக்காது. பட்டாளத்துக்குத் தேவையானது ஆள், நாள், சம்பளம். குடும்பம் அதற்குத் தேவையில்லை. ஆகவே இங்கிருந்து ஒரு பேரைக் கையில் கொண்டு போனால்தான் அங்கே ஆளைப் பிடிக்கலாம். பேரே தெரியாமல் போவது பண்ணைக் கடலில் ஊசி தேடுவதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உம்மம்மா "சாவா மனுசர்" என்று சொன்னதாலேயே நான் மலாய்ப் பட்டாளத்தைப் பிடித்தேன். ஆங்கிலேயரிடம் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட பட்டாளமும் இருந்தது. பீரங்கிகளோடு வேலை செய்த லஸ்கார்களும், பாதை வெட்டிய பயனியர்களும் இருந்தார்கள். அவர்களில் தமிழ் பேசிய முஸ்லிம்களும் இருந்திருக்கலாம். "பட்டாளத்துக்காரர்" என்றதும் துவக்குத் தூக்கியவரை மட்டும் தேடினால் பலரைத் தவறவிடுவோம்.

மலாய் வீட்டில் தமிழ், தமிழ் வீட்டில் மலாய்

சாவா மனுசர் ஒருவர் எப்படித் தமிழ் பேசும் சோனக வீட்டுக்குப் பூட்டனானார்? இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பட்டாளத்தில் ஆண்கள் நிறைய, மலாய்ப் பெண்கள் குறைவு. ஒரே மார்க்கம், ஒரே பள்ளிவாசல். காவலுக்கு வந்த இடத்தில் சோனகக் குடும்பத்தில் நிகாஹ் செய்த வீரர்கள் பலர். பிள்ளைகள் உம்மாவின் மொழியில் வளர்ந்தார்கள்.

மறுபக்கம் மலாய்க் குடும்பங்களுக்குள்ளும் தமிழ் போனது. அவர்களுடைய கையெழுத்து ஏடுகளில் மலாய், அறபு ஆகியவற்றுடன் அறபுத்தமிழும் காணப்படுகிறது. இந்த ஏடுகள் நமக்குத் தெரியவந்ததற்குப் பெரும் காரணம் பேராசிரியர் பீ. ஏ. ஹுசைன்மியா. 1970களில் மலாய்க் குடும்பங்களின் வீடு வீடாகப் போய், பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்து, நுண்படமாக்கித் தேசிய சுவடிக்கூடத்தில் சேர வழி செய்தார். பட்டாளத்து மலாய்க்காரர் பற்றிய அவருடைய நூல் 1990இல் வெளிவந்தது. அதே 1990இல்தான் எங்கள் பெட்டி போனது. ஒரு பக்கம் ஒரு சமூகத்தின் பெட்டிகள் திறக்கப்பட்டன. மறுபக்கம் இன்னொரு சமூகத்தின் பெட்டிகள் தொலைந்தன. இதை நினைக்கும்போது ஹுசைன்மியா செய்த வேலையின் பெறுமதி இன்னும் விளங்குகிறது. வீட்டில் இருந்ததற்கு ஒரு பிரதி வெளியில் இருந்தால் வீடு போனாலும் அது போகாது.

முன்னோரைப் பற்றித் தாமே எழுதிவைத்த பெருமை பாபா யூனுஸ் சல்தீனுக்கு உரியது. பட்டாளத்தோடு ஒட்டி வளர்ந்த மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1869இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் வெளியிட்டார். அது சித்திலெவ்வையின் 'முஸ்லிம் நேசன்' வருவதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு. வயதான காலத்தில், 1905இல், தன் குடும்பக் கதையை மலாய்ச் செய்யுளாகப் பாடி அச்சிட்டார். தன் பாட்டனார் மதுராத் தீவின் சுமெனெப்பிலிருந்து வந்தவர் என்பதை அதில் பதிந்துவைத்தார். அடுத்த ஆண்டு மௌத்தானார். ஒரு வருடம் தாமதித்திருந்தால் சுமெனெப் என்ற சொல்லே அந்தக் குடும்பத்தில் மறந்துபோயிருக்கக்கூடும்.

இந்த இடத்தில் அறபி பாஷாவையும் நினைக்காமல் இருக்க முடியாது. எகிப்தியப் படைத்தலைவர்; 1882இல் ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்று, 1883இல் இங்கே நாடுகடத்தப்பட்டு 1901 வரை இருந்தவர். அவர் வந்திறங்கிய நாள் முதல் திரும்பிப் போன நாள் வரை எழுத்தில் உண்டு. கொழும்பு ஸாஹிராவின் தொடக்கத்தோடு அவர் பேர் சேர்ந்திருக்கிறது. அதே கொழும்பில் அதே வருடங்களில் கலைக்கப்பட்ட பட்டாளத்தின் மலாய் வீரர்கள் பொலிஸ்காரராகவும் காவற்காரராகவும் நடந்து திரிந்தார்கள். பாஷாவைப் பார்க்கத் தெருவில் கூடியவர்களிடையே அவர்களும் நின்றிருப்பார்கள். அவர்களை யார் எழுதினார்?

எங்கள் கையில் இருந்த பதிவுகள்

லண்டன் தூரம். எங்கள் ஊரிலேயே தேடக்கூடியவை எவை என்று பார்த்தேன். கடுத்தம், பள்ளிவாசல் புத்தகம், மையவாடியின் மீஸான் கட்டை, காணி உறுதி. இவை நாலும்தான் சாதாரண முஸ்லிமுடைய வரலாற்றின் நாலு தூண்கள்.

கடுத்தம் பெட்டியோடு போய்விட்டது. முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1886இல் சட்டம் வந்தது. பூட்டனின் நிகாஹ் அதற்கு முந்தியது. மையவாடியில் எங்கள் பகுதியில் இருந்த மீஸான் கட்டைகளில் எழுத்தே இல்லை. எளிய சனம் கல்லில் பேர் வெட்டுவதில்லை. மிச்சம் காணி உறுதி. வீட்டுப் பிரதி போனாலும் காணிப் பதிவகத்தில் பதிந்த பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில், ஊர் திரும்பியபின் காணி மீட்கும் தேவைக்காகவே நாங்கள் பிரதி எடுத்தோம். வரலாறு அப்போது என் நினைப்பில் இல்லை.

ஒரு நாள் பின்னேரம் அந்தப் பிரதிகளை மேசையில் பரப்பி வாசித்தேன். யாழ்ப்பாணத்து உறுதி எழுதும் முறை எல்லாருக்கும் தெரியும்: பரப்புக் கணக்கு, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால், பிறகு நாலு எல்லை. பழைய உறுதி ஒன்றில் வட எல்லை "பென்சன்காரர் வளவு" என்று இருந்தது. பேர் இல்லை. அடுத்து வந்த ஒரு சீதன உறுதியில், அதே வடக்கு வளவு உம்மம்மாவின் உம்மாவுக்கு அவருடைய உம்மாவால் சீதனமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பென்சன்காரரின் வளவு அவருடைய மகள் வழியாக எங்களுக்கு வந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. உம்மம்மா சொன்ன "பென்சன் கடுதாசி" அதற்கு ஒத்துப்போகிறது.

இதற்கு மேல் நான் போகமாட்டேன். பட்டாளப் பென்சனா, கலைத்தபின் சேர்ந்த பொலிஸ் பென்சனா என்று உறுதி சொல்லவில்லை. அயலுக்கு அவர் பென்சன்காரர். அது போதுமாக இருந்தது. தன் காணிக்கு எழுதிய உறுதி எதுவும் கிடைக்கவில்லை; பக்கத்து ஆளின் காணிக்கு எல்லையாகத்தான் அவர் எழுத்தில் வந்திருக்கிறார். நூறு வருடத்துக்கு மேலாகக் கதையில் இருந்த மனிதருக்கு எழுத்தில் கிடைத்தது இரண்டே சொல். ஆனால் அந்த இரண்டு சொல்லையும் வாசித்த அன்று ராச வம்சம் கிடைத்ததைவிட எனக்கு நிறைவாக இருந்தது.

விசுவாசம் யாருக்கு?

ஒரு கேள்வியை விட்டுப்போக மனம் வரவில்லை. அந்தப் பட்டாளம் யாருக்காகச் சண்டை போட்டது? நாடு பிடித்தவனுக்காக. 1848இல் புரன் அப்புவைச் சுட்ட ஆட்சியின் கையில் இருந்த துவக்குகளில் மலாய் வீரர்களின் துவக்கும் ஒன்று. 1803இல் மதிலின் இரண்டு பக்கமும் மலாய் முஸ்லிம்கள் நின்றார்கள்: உள்ளே நூர்தீனின் ஆட்கள், வெளியே சங்குங்லோவின் ஆட்கள். அவர்களை நாடுகடத்தியது ஒல்லாந்தன். சம்பளம் கொடுத்தது ஆங்கிலேயன். எதிரில் நின்றவன் கண்டி அரசன். இவர்களில் எவரும் அவர்களுடைய சொந்தப் பகையாளி அல்லர். இதைச் சொல்லாமல் பட்டாளத்துப் பூட்டனைப் பெருமைக்கு மட்டும் தூக்கிப் பிடிப்பது நேர்மையில்லை.

அதே நேரம், "நீ எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா?" என்ற கேள்வி இந்தத் தீவில் சிறிய சமூகங்களிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. 1803இல் நூர்தீனிடம் கேட்டார்கள். பதிலுக்கு உயிரை எடுத்தார்கள். 1817இல் வெல்லஸ்ஸையில் ஹாஜி முகாந்திரத்தை ஆங்கிலேயர் தங்கள் பக்கத்து ஆளாக நியமித்தார்கள். கண்டியர் கிளர்ச்சி தொடங்கியபோது முதலில் அகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 1990இல் எங்களிடம் கேட்கவேயில்லை. பதிலைத் தாங்களே எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதே 1990இன் ஓகஸ்ட் மாதத்தில், முற்றுகையில் இருந்த கோட்டையை மீட்கத் தீவுகளில் இராணுவம் இறங்கியபோது, மண்டைதீவுத் தமிழ்ச் சனமும் இதே சந்தேகத்தின் விலையைக் கொடுத்தது. காணாமற்போன பிள்ளைகளின் பேரை அங்கே இன்றைக்கும் சொல்லி அழுகிற தாய்மார் உண்டு. அவர்கள் தேடுவதும் ஒரு பதிவைத்தான். எங்கள் தேடல் அவர்களுடைய தேடலுக்கு முன்னால் மிகச் சிறியது என்பதை அந்தப் பாதையால் தினம் போய் வருகிற எனக்கு மறக்க முடியாது.

கடைசியாக

வாசகரிடம் மூன்று விசயம் கேட்கிறேன். வீட்டில் எண்பது வயது கடந்தவர் இருந்தால் இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் இருங்கள். பேர், ஊர், தொழில், அடக்கமான இடம் என்ற நாலையும் கேட்டு எழுதுங்கள். காணி உறுதி இருந்தால் எல்லைகளையும் வாசியுங்கள். உங்கள் முன்னோர் பக்கத்து வீட்டு உறுதியில் இருப்பார். எழுதியதை ஒரு பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பிரதியைப் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமோ கொடுங்கள்.

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வீட்டில் மூத்தவர் ஒருவரின் கதையை எழுதிவரச் சொன்னேன். ஒரு பிள்ளை அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து, "அம்மப்பாவின்ட பேர் தெரியும் ரீச்சர், அவற்ற அப்பான்ட பேர் வீட்டில ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்றது. அதையும் எழுது என்றேன். தெரியாது என்று எழுதி, அந்த இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். இன்றைக்கில்லாவிட்டாலும் ஒரு நாள் யாராவது ஓர் எல்லைக் குறிப்பை வாசித்துவிட்டு வந்து அதை நிரப்பக்கூடும்.